மூடி போட்ட கிளாரினெட்

போன வாரம் பெரியவளைத் தலை குனிந்தபடி நாற்காலியில் விட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று உங்களில் சிலருக்கு என் மேல் கோபம். எனக்கும் அவள் மேல் கோபம்தான். கொஞ்சம் உட்கார்ந்திருக்கட்டுமே என்றுதான் விட்டேன்.

விட்ட இடம் இதுதான். நகர வாத்தியக் குழுவில் முதல் கிளாரினெட் பெரியவள். பக்கத்து நாற்காலியில், அதே ஸ்டாண்டில், அதே தாளைப் பார்த்து இரண்டாவது கிளாரினெட் வாசிப்பவள் அவள் தங்கை சின்னவள். இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே சுவரைப் பார்த்து ஊதிப் பழகியவர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது அக்கா, எது தங்கை என்று பெற்ற தாய்க்கே தெரியாது. மேடையில் குச்சியோடு நிற்கிற மாஸ்டருக்கு எங்கே தெரியப் போகிறது?

மூன்று ஒத்திகைகளில், அதே இடத்தில், 'கீச்' என்று ஒரு பிசிறு. மூன்றாவது தடவை மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "யார் அது?" என்று கேட்டார். கீச்சியது பெரியவள். கையைத் தூக்கியது சின்னவள். பெரியவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மாஸ்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மாலை சின்னவள் வரலாம், ஆனால் வாசிக்க இல்லை. குழுவின் நீலக் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இன்று வியாழக்கிழமை.

"நீட்டு விரலை," என்றார் பல்செட்காரர்.

பெரியவளின் கணவருக்கு அந்தப் பெயரைத் தெருவே வைத்துவிட்டது. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். காலை வேளையில் சமையலறைக் குழாயடியில், கையில் ரோஸ் நிறத்தில் ஒரு ரப்பர்த் தொப்பியோடு நின்றிருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே குழாயடியில்தான் கண்ணாடித் தம்ளர் உடைந்து பெரியவளின் வலது மோதிர விரல் நுனி கிழிந்தது. தையல் பிரித்தாயிற்று, தழும்புகூட மங்கிவிட்டது. அந்த நுனியில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. நரம்பு மெதுவாகத்தான் வளரும், முழுசாக வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் பேசி அனுப்பிவிட்டார். ஊருக்கெல்லாம் அது 'சின்னக் கீறல்'. உண்மை தெரிந்தது புருஷன் ஒருவருக்கு மட்டும்.

கிளாரினெட்டைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் துளைகளை விரல் நுனிச் சதையால்தான் அடைக்க வேண்டும். மயிரிழை திறந்திருந்தாலும் போதும், காற்று அந்த வழியே கம்பி நீட்டிவிடும். ஸ்வரம் வர வேண்டிய இடத்தில் கீச் வரும். துளை சரியாக மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே வாசிக்க முடியாது. விரலுக்குத்தான் தெரிய வேண்டும். அவளுடைய அந்த ஒரு விரலுக்குத் தெரியவில்லை.

"பல்செட்டுக்கு அடியில ஈறு மாதிரி வைப்போமே, அந்தச் சாமான்தான். நல்லா மெத்துன்னு இருக்கும். துளையில கச்சிதமா உக்காரும் பாரு."

தொப்பியை மாட்டிக்கொண்டு அவள் ஊதினாள். கீச். இன்னொரு தடவை. தொப்பி விரலை விட்டுக் கழன்று துளையிலேயே ஒட்டிக்கொண்டது. கறுத்த மரத்தில் ரோஸ் நிற ஈறு. வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"உங்க ஈறை நீங்களே வச்சுக்குங்க," என்று பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள்.

"அப்போ அந்த மூடி போட்டதை வாங்கிடு. ரெண்டு மாசமா சொல்றேன்."

மூடி போட்டது என்றால், ஒவ்வொரு துளைக்கு மேலும் குட்டித் தட்டு மாதிரி ஒரு மூடி இருக்கும் கிளாரினெட். தட்டில் விரல் எங்கே பட்டாலும் போதும், மூடி முழுசாகத் துளை மேல் உட்கார்ந்துவிடும். மரத்துப்போன விரலுக்கு அதுதான் வழி. அது பெரியவளுக்கும் தெரியும்.

"மாஸ்டர் என்ன சொன்னாருன்னு தெரியுமில்ல? போன வருஷம் ஒருத்தர் அதைத் தூக்கிட்டு வந்து சேரணும்னு நின்னாரு. 'சைக்கிள் பழகற குழந்தைக்குப் பக்கச் சக்கரம் மாதிரி, இதெல்லாம் இங்க வேணாம்'னு வாசல்லயே அனுப்பிட்டாரு. குழுவே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன்."

"பல்லு போனவன் பல்செட் வைக்கிறான். கடிக்கிறான், சிரிக்கிறான், கல்யாண வீட்டுல போட்டோ எடுத்துக்கிறான். இதுல என்ன வெக்கம்?"

"அப்புறம் ஏன் ராத்திரியானா தம்ளர்ல போட்டுக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைக்கிறான்?"

தொழிலையே பிடித்து மடக்கினால் பாவம் அவர்தான் என்ன செய்வார்? ரப்பர்த் தொப்பியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"நீ எதுல வேணா வாசி, வாசிக்காம வேணா இரு. ஆனா அந்தப் பொண்ணு சாயங்காலம் கோட்டைக் கழட்டிக் குடுத்தா, அது உன் கோட்டுதான். ஞாபகம் வச்சுக்க."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சின்னவள்.

"அக்கா, கோட்டை இஸ்திரி போட்டுட்டேன். கைப்பக்கம் ஒரு பட்டன் தொங்குது. அதே நீலத்துல உன்கிட்ட நூல் இருக்குமா?"

"திருப்பிக் குடுக்கப் போற கோட்டுக்கு எதுக்குடி பட்டன்?"

"அடுத்து போட்டுக்கறவங்க என்னைத் திட்டக் கூடாதுல்ல."

போனில் பின்னால் ஏதோ பேருந்து போகிற சத்தம் கேட்டது.

"வேற ஏதாவது சொல்லணுமாக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

சொல்லியிருக்கலாம். இதை எழுதுகிற எனக்கே, சொல்லித் தொலையேன்டி என்று கத்த வேண்டும் போல இருக்கிறது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய் திறப்பானா?

"இல்ல... நூல் இருக்கு. சாயங்காலம் எடுத்துட்டு வர்றேன்."

"சரிக்கா," என்று வைத்துவிட்டாள் சின்னவள்.

மத்தியானம் பெரியவள் வாத்தியக் கடைக்குப் போனாள். வாங்கப் போகவில்லையாம், சும்மா பார்க்கத்தான் போனாளாம். தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

கடைக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒரு கிட்டாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மூடி போட்டதா? ஒண்ணே ஒண்ணு இருக்கு. யாரும் கேக்கறதில்ல, உள்ள கிடக்கு. யாருக்கு?"

கடையில் வேறு யாரும் இல்லை. அதனால் உண்மை சுலபமாக வந்தது.

"எனக்குத்தான். விரல்ல அடிபட்டுது. உணர்ச்சி இல்ல."

அந்த அம்மாள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எழுந்து போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, தூசி தட்டி, அவள் முன்னால் வைத்தாள். பெரியவள் கைப்பையிலிருந்து வாயில் வைத்து ஊதும் தன் சொந்த மௌத்பீஸை எடுத்து மாட்டினாள். சும்மா பார்க்கப் போகிறவள் மௌத்பீஸை ஏன் எடுத்துக்கொண்டு போனாள் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

எல்லாத் துளையும் மூடினால்தான் வரும் கீழ் ஸ்வரத்தை முதலில் ஊதினாள். வந்தது. இரண்டு மாதமாக வராதது, கூப்பிட்டதும் எழுந்து வருகிற பிள்ளை மாதிரி வந்தது. அங்கிருந்து மேலே தாவுகிற இடம், மூன்று ஒத்திகையிலும் கீச்சிய இடம், அதையும் வாசித்தாள். சுத்தமாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி, மௌத்பீஸில் பொருத்திய நாணல் ரீடைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"சத்தம் கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்கில்ல?" என்றாள்.

"இருக்கும். போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி. பழகினா சரியாயிடும். பழகாட்டியும் கீச்சை விட இது மேல்."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நாலு நாள் வாசிச்சுப் பாக்கலாமா?"

"அந்தப் பழக்கமே இங்க கிடையாது. பிடிச்சா வாங்கணும், இல்லன்னா வச்சுட்டுப் போகணும்."

அப்போதுதான் கதவு திறந்தது. வந்தவர் குழுவின் ட்ரம்பெட்காரர், ட்ரம்பெட்டில் விரலால் அமுக்கும் பொத்தான்களுக்குப் போடும் எண்ணெய் வாங்க. மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால், அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அது ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

"அடடே, நீங்களா!" என்றவர் அவள் கையைப் பார்த்தார். "மூடி போட்டது! யாருக்குங்க?"

பெரியவள் வாயைத் திறந்தாள். ட்ரம்பெட்காரருக்குப் பொறுமை ஏது? அவரே பதிலையும் கண்டுபிடித்துவிட்டார்.

"ஓ, தங்கச்சிக்கா! நல்ல யோசனைங்க. பாவம், இதுலயாவது கீச் வராது."

"ஆமாங்க," என்றாள் பெரியவள். "தங்கச்சிக்குத்தான்."

வாய் கூசவில்லையா? கூசியது. சொன்ன மறு நொடியே உடம்பெல்லாம் கூசியது. ஆனால் சொல்லியாயிற்றே. முன்பு செய்த தப்பு, பேசாமல் இருந்தது. இது வாயைத் திறந்தே செய்த தப்பு.

ட்ரம்பெட்காரர் எண்ணெயை வாங்கிக்கொண்டு, "நல்ல அக்கா நீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு மூடியதும் கடைக்கார அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினாள்.

"பில்லை யார் பேர்ல போடட்டும்? உங்க பேரா, தங்கச்சி பேரா?"

"பேர் வேணாம்," என்றாள் பெரியவள். "கட்டிக் குடுங்க."

இதை யாருக்காக வாங்கினாய் என்று அந்த நிமிஷத்தில் கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.

மாலை ஒத்திகைக் கூடத்துக்குப் பெரியவள் வந்தபோது, அவளுக்கு முன்னால் செய்தி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ட்ரம்பெட்காரர் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தார். புல்லாங்குழல் வரிசை அவளைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தது. டிரம் அடிப்பவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

சின்னவள் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த நீலக் கோட்டு. காலடியில் அவளுடைய கிளாரினெட் பெட்டி. அக்காவைப் பார்த்தாள். அக்கா கையிலிருந்த புதுப் பெட்டியைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"வாம்மா," என்றார் மாஸ்டர். அவர் குரலில் இத்தனை இளக்கத்தை யாரும் கேட்டதில்லை. "கேள்விப்பட்டேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கு இந்தப் பக்கச் சக்கரம் எல்லாம் பிடிக்காது, அது உனக்கே தெரியும். ஆனா ரெண்டாவது நாற்காலிதானே." சின்னவள் பக்கம் திரும்பினார். "அதுல வாசிச்சுக் காட்டு. கீச் வரலைன்னா கோட்டு உன்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீயே வாசி."

பார்த்தீர்களா? பாம்பும் செத்தது, கம்பும் உடையவில்லை. பெட்டியைத் தங்கை கையில் கொடுத்தால் போதும். சின்னவள் எதில் வாசித்தாலும் சுத்தமாக வாசிப்பாள், கோட்டு அவளுக்கே திரும்பிவிடும். பெரியவளின் முதல் நாற்காலிக்கும் பங்கமில்லை. அவள் கீச் மட்டும்தான் பாக்கி. அதையும் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது. மனசு இருக்கிறதே, அது சரியான வக்கீல்.

"குடு அக்கா," என்றாள் சின்னவள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கையை நீட்டினாள்.

நீட்டிய கையைப் பெரியவள் பார்த்தாள். விரல் நுனிகளில் வட்ட வட்டமாகத் துளைகளின் தடம் பதிந்திருந்தது. வெகுநேரம் வாசித்தால்தான் அப்படிப் பதியும். கோட்டைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கும், யாருக்கும் வாசிக்க வேண்டியதில்லாத அன்றைக்கும், இந்தப் பெண் இந்தப் பகுதியைச் சாதகம் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

பெரியவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

பெட்டியைத் தன் மடியில் வைத்துத் திறந்தாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். தன் மௌத்பீஸை மாட்டினாள்.

"அதை அவகிட்ட குடும்மா," என்றார் மாஸ்டர்.

அவள் வாயில் வைத்து ஊதினாள். அந்த இடத்தை, கீழிருந்து மேலே தாவும் அதே இடத்தை, முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தாள். சத்தம் கொஞ்சம் அமுங்கித்தான் இருந்தது. கீச் இல்லை.

"இது எனக்கு வாங்கினது மாஸ்டர்," என்றாள். "மூணு கீச்சும் என்னோடது. என் விரல்ல உணர்ச்சி இல்ல. ரெண்டு மாசமாச்சு. இவ ஒரு தடவைகூடப் பிசகல. கை தூக்கினது இவ. பேசாம உக்காந்திருந்தது நான். இன்னைக்குக் கடையிலயும் பொய்தான் சொன்னேன்."

ட்ரம்பெட்காரர் தன் வாத்தியத்தை மடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர் ஒன்றும் பேசாதது அன்றுதான் முதல் தடவை.

பெரியவள் தங்கை பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிடுடி."

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள் சின்னவள். "கீச் யார் வாயில வந்ததுன்னு பக்கத்துல உக்காந்திருக்கறவளுக்குத் தெரியாதா? நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். கை தூக்கினப்போகூட, சட்டுனு என் கையைப் பிடிச்சுக் கீழ இறக்கிடுவேன்னு நினைச்சேன். காலையில போன் பண்ணினேனே, வீட்டுல நூல் இல்லாமலா உன்கிட்ட கேட்டேன்?"

பெரியவளின் கைப்பையில் நீல நூல் சுருள் இருந்தது. அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

"விரல் போச்சுன்னு என்கிட்ட சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். உன்கூட உக்காந்து அழுதிருப்பேன். அது போகட்டும். மாஸ்டர் திட்டினதுகூட வலிக்கல. 'தங்கச்சிக்குத்தான்'னு சொன்னியாமே, அதுதான்க்கா வலிக்குது."

"சரி, சரி," என்றார் மாஸ்டர். அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லை. குச்சியைக் கையில் எடுத்தார், வைத்தார். "என் காதுலயும் தப்பு இருக்கு. சின்னவளே, நீ கோட்டைப் போட்டுக்க. உக்காரு. பெரியவளே, உன் நாற்காலி எதுன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்."

சின்னவள் எழுந்தாள். கோட்டை எடுத்து உதறினாள். போட்டுக்கொள்ளப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அதைத் தன் நாற்காலியின் முதுகில் மாட்டி, தோள்பட்டையை நேராக்கி, சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு தன் கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு வேணாம் மாஸ்டர்."

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல?" என்று கேட்டார் அவர்.

சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே நடந்து போய்க் கதவைத் திறந்தாள். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

பெரியவள் எழுந்து பின்னாலேயே ஓடியிருக்கலாம். பாதி எழுந்தும்விட்டாள்.

"உக்காரும்மா," என்றார் மாஸ்டர். இந்தத் தடவை குரலில் இளக்கம் இல்லை. "இத்தனை பேர் காத்திட்டிருக்காங்க. அதே இடத்துல இருந்து, எல்லாரும்."

குச்சி உயர்ந்தது. இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க எழுதிய வரி அது. பெரியவள் தனியாக வாசித்தாள். தாள் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. பக்கத்தில் நீலக் கோட்டின் கைப்பக்கம் ஒற்றை நூலில் பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தது, மூடிகள் கச்சிதமாக உட்கார்ந்தன, ஸ்வரம் தாவி மேலே போனது.

கீச் வரவில்லை. வந்தால் கை தூக்கப் பக்கத்தில் ஆளும் இல்லை.